தோள்பட்டைப் பிடிப்பு: கையை அசைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஆடிட்டர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. மாலையானால் வலது தோளில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் கனக்கிறது. தைலம் தேய்த்தால் கேட்கிறது. மறுநாள் அதே கதை. கையை அசைக்காமல் ஓய்வு கொடு என்கிறார்கள் வீட்டில். உடற்பயிற்சி செய்யலாமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். வீட்டில் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். உங்கள் தோள் ஏற்கெனவே நாள் முழுக்க அசையாமல்தான் இருக்கிறது, சிக்கலே அதுதான். எட்டத்தில் இருக்கும் மௌஸுக்காகக் கை நீண்டே இருக்க, கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை மணிக்கணக்கில் அதைத் தாங்குகிறது. பாரம் சிறியதுதான், ஆனால் இறக்கி வைப்பதே இல்லையே!

கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது, அதில் ஏறக்குறைய 60 டிகிரி முதுகிலுள்ள பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. கூனி உட்கார்ந்தால் அது சரியாகச் சுழலாது. முதலில் அதை அசையுங்கள். நாற்காலியில் இருந்தபடியே தோள்களைக் காது வரை உயர்த்தி, பின்பக்கமாக வட்டமடித்து இறக்குங்கள். பத்து முறை போதும். அப்புறம் முழங்கைகளை விலாவோடு வைத்து, முதுகின் இரண்டு பட்டை எலும்புகளையும் நெருக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். நிறையப் பேர் இதைச் செய்யும்போது மூச்சையும் பிடித்துக்கொண்டு தோளையும் தூக்கிவிடுகிறார்கள். தோள் கீழேயே இருக்கட்டும்.

தண்ணீர் பிடிக்க எழுந்தால், சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மெல்ல மேலே ஏறுங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுரீரென்று வலித்தால் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். இவற்றைக் காலையில் ஒரேயடியாகச் செய்து முடிப்பதைவிட, அரை மணிக்கு ஒரு முறை ஒரு நிமிடம் செய்வதையே நான் சொல்வேன். மௌஸையும் கீபோர்டை ஒட்டி இழுத்து வையுங்கள். முழங்கை உடம்போடு தொங்க வேண்டும்.

சரி, போகிறபோக்கில் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். 40 முதல் 60 வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், தோள்மூட்டைச் சுற்றிய உறை தடித்து இறுகிவிடுவது உண்டு. ஃப்ரோஸன் ஷோல்டர் என்பார்களே, அது. வீட்டிலேயே பார்க்கலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கைகளை வெளிப்பக்கமாக விரியுங்கள். வலது கை இடதளவு விரியவில்லை, இன்னொருவர் பிடித்து நகர்த்தினாலும் நகரவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். பின்னல் போடவோ, முதுகுப்பக்கம் கொக்கி மாட்டவோ முடியாமல் போவதும் அதே அறிகுறிதான். கூடவே மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் பாருங்கள். தோளை மட்டும் கவனித்தால் போதாது, அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

கை மரத்துப்போனாலும், பிடி தளர்ந்தாலும், ராத்திரியில் வலி தூங்கவிடாமல் செய்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் வலதா இடதா என்று யோசிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பின்போது நெஞ்சுவலி லேசாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.