எந்தக் கால் நொண்டுகிறது? நடை, மூட்டு, குளம்பு பற்றிக் கேள்வி பதில்

நாய், மாடு, ஆடு என்று பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். கால்நடை மருத்துவராக என் வேலையில் பாதி நொண்டும் பிராணிகளோடுதான் என்பதால் முடிந்தவரை பதில் சொல்கிறேன். எழுத்தைப் படித்து நோயை உறுதி செய்ய முடியாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லலாம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

ரோஸி வீட்டார்: எங்கள் நாய் நொண்டுவது தெரிகிறது. எந்தக் கால் என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கண்டுபிடிக்க வழி உண்டா டாக்டர்?

உண்டு. காலை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். முன்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும் நேரத்தில் நாய் தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. தலையைத் தூக்கினால் அதில் கொஞ்சம் பின்னுக்குப் போகும், வலிக்கும் கால் தப்பிக்கும். தலை தாழும்போது எந்தக் கால் தரையில் இருக்கிறதோ அதுதான் வலிக்கும் கால் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு அது.

பின்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

நடக்கவிட்டுப் பார்த்தால் லேசான நொண்டல் தெரியாது. நாலு கால் பாய்ச்சலில் கால்கள் இயல்பாகவே சமமாக விழாது, அதுவும் பயன்படாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லோட்டம் இருக்கிறது: இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து விழும், அடுத்து மற்ற ஜோடி. வேறுபாடு அதில்தான் பளிச்சென்று தெரியும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுங்கள், இன்னொருவர் போனில் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். நம் கண்ணுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. குதிரை ஓடும்போது நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகிறதா என்பதே 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாக கேமரா வைத்துப் படம் பிடித்த பிறகுதான் தீர்ந்தது. எழுகிறது. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் கூடியிருக்கும்போது.

அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டுங்கள். கிளினிக் வாசலுக்கு வந்ததும் பயத்தில் ஒழுங்காக நடக்கும் நாய்கள் ஏராளம்.

புது அப்பா: 7 மாத லேப்ராடார். விளையாடிவிட்டுப் படுத்து எழுந்தால் பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது. ஓடும்போது முயல் மாதிரி இரண்டு பின்காலையும் சேர்த்துத் தாவுகிறான். கால்சியம் டானிக் தரலாமா சார்?

டானிக்கை நிறுத்தி வையுங்கள். நீங்கள் சொல்வது இடுப்பு மூட்டுத் தளர்வாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இந்தக் குறை உள்ள குட்டிகளும் பிறக்கும்போது சரியான இடுப்போடுதான் பிறக்கின்றன. பிறகு தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடுகிறது, ஆட ஆடக் கிண்ணத்தின் விளிம்பு தேய்கிறது. பரம்பரை ஒரு காரணம். அதை நீங்கள் மாற்ற முடியாது. சாப்பாட்டையும் தரையையும் மாற்றலாம்.

கால்சியம் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு தப்பும் நடக்கிறது. வெறும் சோறும் கோழிக்கறியும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் பற்றாது, எலும்பு மெலியும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே செய்த தீவனத்தைச் சாப்பிடும் குட்டிக்கு மேலே டானிக் ஊற்றினால் அதுவும் கெடுதல். சின்ன வயதில் அதிகப்படிக் கால்சியத்தைத் தள்ளிவிடும் திறமை குடலுக்கு இல்லை. எலும்பு வளர்ச்சி கோணலாகும்.

அப்புறம் எடை. அமெரிக்காவில் 48 லேப்ராடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வயது வரை இருந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. கொழுகொழு லேப்ராடார் குட்டி அழகு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வீட்டில் டைல்ஸ் தரை என்றால் அவன் ஓடும் இடத்தில் பாய் விரியுங்கள். மண் தரையில் விளையாட விடுங்கள்.

பொமரேனியன் பாட்டி: ஓடும்போது திடீரென்று ஒரு பின்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று நாலு எட்டு வைக்கிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது.

முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து உள்பக்கமாக நழுவுகிறதம்மா. சின்ன இனங்களில் அந்தப் பள்ளமே ஆழம் குறைவு. காலை நீட்டியதும் சில்லு தானாகத் திரும்பிவிடும், அதனால்தான் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. நாலு நிலைகளாகப் பிரிப்போம். முதல் நிலையில் எடையைக் குறைத்தாலே பல நாய்கள் காலம் தள்ளிவிடும். சில்லு பெரும்பாலும் பள்ளத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

வண்டி மாடு வைத்திருப்பவர்: வலப்பக்கத்துக் காளை எழுந்து நடக்கும்போது பின்கால் பின்னால் நீட்டியபடி விறைத்துக்கொள்கிறது. குளம்பு தரையில் இழுபடுகிறது. வெடுக்கென்று ஒரு உதறு, பிறகு சரியாகிறது. வாதம் என்று சூடு போடச் சொல்கிறார்கள்.

சூடு போடாதீர்கள் ஐயா. தோல் வெந்து புண்ணாகும், கால் அப்படியேதான் இருக்கும். இது முழங்கால் பூட்டிக்கொள்வது. உழவு மாடுகளிலும் எருமைகளிலும் நம் நாட்டில் நிறையப் பார்க்கிறோம். மாட்டின் முழங்கால் சில்லைக் கீழே பிடித்திருப்பவை மூன்று சவ்வுகள். அவற்றில் உள்பக்கத்துச் சவ்வு தொடை எலும்பின் மேட்டில் கதவுக் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது. கொக்கி விழுந்தால் முழங்கால் மடங்காது. முழங்கால் மடங்காவிட்டால் கீழே உள்ள மூட்டும் மடங்காது, இரண்டும் சேர்ந்துதான் இயங்கும். அதனால் மொத்தக் காலும் கட்டை போல் பின்னால் நிற்கிறது. உதறினால் கொக்கி விலகுகிறது.

தீர்வு எளிது. மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த ஒரு சவ்வை மட்டும் சின்ன வெட்டில் அறுத்துவிடுவார்கள். பெரும்பாலான மாடுகள் உடனே காலை மடக்கி நடக்கும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் அறுவைதான். புண் ஆறும் வரை வண்டியில் பூட்டாதீர்கள். குளம்பின் முன்நுனி தேய்ந்திருந்தால் லாடம் அடிப்பவரிடம் அதையும் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்பு: குதிரை நின்றுகொண்டே எப்படித் தூங்குகிறது?

மேலே உள்ள பதிலைப் படி தம்பி. காளைக்கு நோயாக வரும் அதே பூட்டு குதிரைக்கு வசதி. சில்லை அந்த மேட்டில் மாட்டிவிட்டால் தசைக்கு அதிக வேலையில்லாமல் ஒரு பின்காலிலேயே நிற்கலாம். இன்னொரு பின்கால் ஓய்வாக நுனியில் ஊன்றியிருக்கும், கவனித்துப் பார். ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரையும் படுத்தாக வேண்டும்.

கறவை மாடு, கொங்குப் பக்கம்: கலப்பின மாடு, சிமென்ட் தொழுவம். கன்று போட்டு இரண்டு மாதம். எழவே யோசிக்கிறது, பால் குறைந்துவிட்டது. காலில் வீக்கம் எதுவும் இல்லை.

வீக்கம் இல்லாவிட்டாலும் குளம்பிலிருந்தே தொடங்குங்கள். பின்காலின் வெளிப்பக்கக் குளம்பைக் கழுவி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறவை மாடுகளின் குளம்பு நோயில் பெரும்பங்கு அங்கேதான். மாடு நடக்கும்போது பின்காலில் வெளிக்குளம்பு அதிகச் சுமை தாங்குகிறது. சுமை கூடினால் அது இன்னும் வளர்கிறது, வளர்ந்தால் இன்னும் சுமை. குளம்பு மாதத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவு வளரும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுக்கு வளர்வதும் தேய்வதும் ஓரளவு ஈடாகும். கட்டியே வைத்த மாட்டுக்கு நுனி நீண்டு, எடை பின்னால் குதிப்பக்கம் சாயும். உள்ளே இருக்கும் எலும்பு அடியில் உள்ள சதையை நசுக்கும். கன்று போடும் சமயத்தில் அந்த எலும்பைப் பிடித்திருக்கும் இழைகளும் தளர்கின்றன. அதன் பலன் வெளியே தெரிய வாரங்கள் ஆகும். இரண்டு மாதக் கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

முதுகைப் பாருங்கள். நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது மட்டும் வளைந்தும் இருந்தால் ஆரம்பம். நிற்கும்போதே வளைந்திருந்தால் நாள் ஆகிவிட்டது.

எழ யோசிப்பதற்கு இன்னொரு காரணம் கயிறாக இருக்கலாம். மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். அதற்குத் தலையை முன்னால் வீசி, முன் முழங்கால்களில் எடையைச் சாய்க்க வேண்டும். கயிறு குட்டையாக இருந்தால், அல்லது மூக்குக்கு நேரே தொட்டிச் சுவர் இருந்தால், தலையை எங்கே வீசும்? படுத்தால் எழ முடியாது என்று தெரிந்த மாடு படுக்காமலே நிற்கும். நாளில் பாதி நேரம் படுக்க வேண்டிய பிராணி அது. கயிற்றை நீளமாக விடுங்கள், ரப்பர் விரிப்பு போடுங்கள், பகலில் சில மணி நேரமாவது மண்தரையில் கட்டுங்கள். வருடம் இருமுறை குளம்பு சீவ வேண்டும். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வயிறு புளித்து, அந்த பாதிப்பு குளம்பில் வந்து நிற்கும்.

பூனைக்காரி: 13 வயது. பீரோ மேல் ஏறுவதை விட்டுவிட்டது. வயசுதானே? வலி இருந்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை தரலாமா?

கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். ஒரே மாத்திரையில் செத்த பூனைகள் உண்டு. நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தருவதும் ஆபத்து. மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவது 2006 முதல் தடை. ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் செத்தன. நீலகிரிக்குக் கீழே மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளை நினைத்தாவது மனிதர் மருந்தை மாட்டுக்குப் போடாதீர்கள்.

உங்கள் பூனைக்கு வருவோம். 12 வயது தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 90 சதவீதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது, ஏறுவதை நிறுத்திவிடும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதையும் குறைத்துவிடும். பூனைக்கென்று வலிமருந்து இருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் தரட்டும். பீரோவுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு வையுங்கள்.

சந்தேகப் பிராணி: யானை ஓடுமா, ஓடாதா?

வேகமாகப் போகும், மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேகத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். குதிரை மாதிரி முழு உடம்பும் காற்றில் எழாது. நடையா ஓட்டமா என்று இன்னும் வாதாடலாம்.

ஆட்டுக்காரர்: நேற்று பிறந்த குட்டிக்கு இரண்டு முன்கால் மணிக்கட்டும் மடங்கியே இருக்கிறது. தேறாது என்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். கையால் மெதுவாக நீட்டிப் பாருங்கள். ஓரளவாவது நீண்டால் தசைநாண் சுருக்கம்தான், பல குட்டிகள் தேறும். 1942-ல் ஸ்லைப்பர் என்ற டச்சு உடற்கூறு அறிஞர், முன்கால்களே இல்லாமல் பிறந்து பின்கால்களில் தாவித் திரிந்த ஓர் ஆட்டைப் பற்றி எழுதினார். அதன் இடுப்பெலும்பும் மார்புக்கூடும் தசைகளும் அந்த நடைக்கு ஏற்ப மாறியிருந்தன. வளரும் எலும்பு அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். ஆகவே நாள் கடத்தாமல் தொடங்க வேண்டும்.

முதலில் சீம்பால் குடிக்கிறதா பாருங்கள், நிற்க முடியாவிட்டால் பிடித்துக் குடிக்க வையுங்கள். பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, பஞ்சு நிறைய வைத்து, நீளும் அளவுக்கு மட்டும் நீட்டிக் கட்டுங்கள். முதல் கட்டை மருத்துவர் போடுவது நல்லது. தினமும் அவிழ்த்து, புண்ணோ வீக்கமோ இருக்கிறதா பார்த்து, கொஞ்ச நேரம் நீவிவிட்டு மறுபடி கட்டுங்கள். கட்டுக்குக் கீழே குளம்பு சில்லென்று இருந்தால் இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள்.