அகோங் அரண்மனைக்குள் போகலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். மாமனார் தஞ்சை, மைசூர் அரண்மனைகளை நிதானமாகச் சுற்றிப் பார்த்தவர். ‘உங்க ராஜா வீட்டையும் தோட்டத்தையும் பாக்கணும்மா’ என்கிறார். கோலாலம்பூரில் உள்ளே விடுவார்களா? உடையில் ஏதும் கட்டுப்பாடு உண்டா? (செந்தூல் வாசகி)

பதில்: உள்ளே விடமாட்டார்கள். ஜாலான் டூத்தா பக்கம் இருக்கும் இஸ்தானா நெகாராவில், அதாவது அகோங் என்று நாம் சொல்லும் மாமன்னரின் அரண்மனையில், வாசல் வரைக்கும்தான். இதை மாமனார் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல வருடங்களாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். அந்த வாசலில் இறங்கியதும் ‘டிக்கெட் எங்கே எடுக்கணும்?’ என்று கேட்காத இந்தியப் பயணி குறைவு.

மைசூரில் அரசாட்சி முடிந்து மாளிகையைப் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். இங்கே அது மாமன்னரின் அதிகாரபூர்வ இல்லம், அலுவலகமும் அதுவே. பரம்பரை வீடும் இல்லை. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருவராக முறைவைத்து அரியணை ஏறுகிறார்கள். முறை முடிந்ததும் சொந்த மாநிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே வரலாறு மணக்கும் அரண்மனை வேண்டுமென்றால் மாநிலங்களுக்குத்தான் போக வேண்டும். (பினாங்கில் தேடாதீர்கள். அங்கே சுல்தானே கிடையாது.)

வாசலுக்குப் போவதும் வீண் இல்லை. குதிரை மேல் காவலர், மஞ்சள் குவிமாடங்கள், படம் எடுக்க நல்ல இடம். நிழல்தான் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இல்லை, கிரேப் வாடகைக் கார் எடுப்பதே சுலபம். குதிரையின் முகத்தருகே போய்ச் சிரிக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவையுங்கள், அது கடித்தாலும் கடிக்கும். அப்புறம் உடை. மலாய் அரச மரபில் மஞ்சள் அரசருக்கு உரிய நிறம். அரண்மனைக்குள் நடக்கும் விருந்து, சடங்குகளுக்கு மஞ்சள் உடுத்திப் போவதில்லை. வாசலில் நின்று படம் எடுப்பவரை யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும், அன்றைக்கு அந்த மஞ்சள் சுங்குடிச் சேலை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பழைய இஸ்தானா நெகாரா ஜாலான் இஸ்தானாவில், குன்றின் மேல் இருக்கிறது. 1928-இல் சான் விங் என்ற சீனச் செல்வந்தர், ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்தவர், தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. ஜப்பான்காரன் காலத்தில் அதிகாரிகளின் விடுதி, பிறகு சிலாங்கூர் சுல்தானின் இல்லம், 1957-இல் மாமன்னரின் அரண்மனை. 2011-இல் மாமன்னர் புது இடத்துக்குப் போனபின், 2013-இல் அரச அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பராமரிப்பு வேலை நடந்தால் மூடிவிடுவார்கள். எனவே கிளம்புவதற்கு முதல் நாள் அருங்காட்சியகத் துறைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பிப் போய் வெயிலில் நிற்காதீர்கள்.

என்னைக் கேட்டால், ஒரு நாளை ஒதுக்கிக் கோலாகங்சாருக்குக் கூட்டிப்போங்கள். பேராக் மாநில சுல்தான்களின் ஊர். கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வார இறுதியில் இருக்கை கிடைப்பது கஷ்டம், போகவர இரண்டு டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சுல்தான் குடியிருக்கும் இஸ்தானா இஸ்கந்தாரியாவை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். 1926-இல் ஆணியே அடிக்காமல் கட்டிய இஸ்தானா கெனாங்கான் பக்கத்திலேயே இருக்கிறது. மூங்கில் பின்னிய சுவரில் மஞ்சள், வெள்ளை, கறுப்புக் கட்டங்கள் ஓடும். கிட்டே நின்றால் பாய் முடைந்தது போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்க்க ஆசை என்றால் சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகம் இருக்கிறது. 1903-இல் கட்டிய இஸ்தானா ஹுலுதான் அது. உபுடியா மசூதியையும் விட்டுவிடாதீர்கள். கட்டும்போது இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லை இரண்டு யானைகள் சண்டையில் மிதித்து உடைத்ததாகச் சொல்வார்கள். மாமனார் ரசிப்பார்.

சரி, தோட்டம். மதுரையில் தோட்டம் என்றால் பூவும் செடியும். நம்மூரில் தோட்டம் என்றால் ரப்பர் நிற்கும் பால்மரக்காடு, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. பேராக்கில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஹியூ லோ, 1877-இல் கோலாகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்த கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. என் அம்மாவை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். இருபது வருஷம் பால் சீவியவர். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “தோட்டத்துல ஒரு மரத்தையும் இவ்ளோ பெருசா வளர விடமாட்டாங்களே” என்றார், “அதுக்குள்ள வெட்டிட்டு, புதுக்கன்னு வச்சிடுவாங்க.”