நன்றாக ஓடுகிற குடிநீர்க் குழாயில் வால்வையும் ஹைட்ரன்டையும் (தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்) வருடா வருடம் திருப்பிப் பார்ப்பது வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் குழாய்ப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். கோவை எல்லையை ஒட்டிய பாலக்காட்டு ஊர்கள். கோடையில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இப்படி விடும் ஊரில் வால்வு இரண்டு விதமாகக் கெடுகிறது. தெருவுக்குப் பிரித்து விடும் வால்வு அன்றாடம் திருகியே தேய்கிறது. மெயின் லைனை அடைக்கும் வால்வை யாரும் தொடுவதில்லை, துருவேறி இறுகிவிடுகிறது. குழாய் உடைந்த அன்றுதான் அதைத் தேடுவார்கள். பெரும்பாலும் புதுத் தார் ரோட்டுக்கு அடியில் கிடக்கும்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது முழுதாக மூடித் திறக்க வேண்டும். சுற்றை எண்ணுவது முக்கியம். 6 இஞ்ச் கேட் வால்வு (உள்ளே ஒரு கதவு ஏறி இறங்கித் தண்ணீரை அடைக்கும் வகை) என்றால் சுமார் 20 சுற்று. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பாதியிலேயே நின்றால் அடியில் வண்டல் சேர்ந்திருக்கலாம். வால்வைத் திருப்பும் சாவியில் நீளக் குழாயைச் செருகி முறுக்காதீர்கள், கதவை ஏற்றி இறக்கும் தண்டு (ஸ்பிண்டில்) முறிந்துவிடும். இரண்டு மூன்று சுற்று திறந்தால் தண்ணீர் வேகமே வண்டலை அடித்துப் போகும், மறுபடி மூடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே கதவு கழன்றுவிட்டது என்று சந்தேகப்படலாம். தண்டு வெளியே வரும் இடத்தில் (கிளாண்ட்) கசிவு இருந்தால் அங்கே கசியாமல் அடைத்திருக்கும் பேக்கிங்கை மாற்ற வேண்டும். இன்னொன்று, பிரஷரைப் பங்கு போட கேட் வால்வைப் பாதி திறந்து விடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காத பழக்கம். கதவு அதிர்ந்து அதிர்ந்தே தேய்ந்துபோகும்.

நான் அதிகம் பயப்படுவது, லைனில் காற்று போய்வர வைத்திருக்கும் ஏர் வால்வுக்குத்தான். சப்ளை நின்று லைன் காலியாகும்போது அது காற்றை உள்ளே இழுக்கும். வால்வு இருக்கும் தரைத்தொட்டியில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி வால்வு மூழ்கியிருந்தால்? அதையேதான் இழுக்கும். மழைக்கு முன்னாலேயே தொட்டியை வாரி, தண்ணீர் வடிய வழி செய்துவிடுங்கள்.

ஹைட்ரன்டுக்கு வேலை குறைவு. நம் ஊரில் குழாய் உறையும் குளிர் இல்லை. மூடி திறக்கிறதா, குழிக்குள் மண் அடைத்திருக்கிறதா, தீயணைப்பு ஹோஸ் மாட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் தெளிவாக வரும்வரை ஓட விடுங்கள். லைன் முடிகிற இடத்தில் தேங்கிய அழுக்கும் போகும். மூடும்போது மெதுவாக மூடுங்கள், சட்டென்று மூடினால் அந்த அதிர்ச்சியில் பழைய குழாய் உடையலாம்.

திருப்புகிற அன்று கலங்கல் வரும். முதல் நாளே தெருவில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் குடத்தோடு நிற்பவர்களிடம் திட்டு வாங்குவது வால்வு திறக்கிற ஆள்தான்.