ஆற்றங்கரை வீட்டை எப்போது காலி செய்வது? – கேள்வி பதில்

கேள்வி: பவானியில் காவிரிக் கரையோரம் குடியிருக்கிறோம். இங்கே வெயில் கொளுத்தும்போதே வெள்ள அபாயம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் போகிறார்கள். நம்பிக் கிளம்பலாமா?

பதில்: நம்பத்தான் வேண்டும். காவிரியில் நமக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் நம் ஊர் மழையால் வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பிக்கொண்டு வந்து, மேட்டூரும் 120 அடியை எட்டிவிட்டால், அதன் பிறகு வரும் நீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வானத்தைப் பார்க்காமல், எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். திறப்பு ஒரு லட்சம் கன அடியை நெருங்குகிறது என்றாலே தாழ்வான தெருக்காரர்கள் அதிகாரிகள் கதவைத் தட்டும்வரை காத்திராமல் கிளம்பிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பவானியாறும் பெருகியிருந்தால், கூடுதுறையில் இரண்டு வெள்ளமும் முட்டி நிற்கும் என்பதால் இன்னும் முன்னதாகவே புறப்படுங்கள்.

2018 ஆகஸ்டில் ஒரு ஜமக்காள நெசவாளர் வீட்டில் இருந்தேன். காலையில் தறிக்குழிக்குள் கணுக்கால் அளவு கலங்கல் நீர் ஊறியிருந்தது; வாசல் காய்ந்துதான் கிடந்தது. பாவு நனையக் கூடாதென்று அவர்கள் அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் திண்ணை மூழ்கிவிட்டது.

கேள்வி: எங்கள் அப்பாரு, "எத்தனையோ வெள்ளம் பார்த்தவன்" என்று வர மறுக்கிறார். இரண்டு எருமைகளும் இருக்கின்றன.

பதில்: அவரோடு வாதாட வேண்டாம். எருமைகளை மேட்டுக்காட்டுக்கு ஓட்டிப்போய்க் காவல் இருக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் வீட்டில் இல்லை என்பது உண்மைதானே. அதையே சொல்லி, பகலிலேயே முதல் ஆளாக அனுப்பிவையுங்கள். மாத்திரைகளும் மூக்குக்கண்ணாடியும் அவர் பையில் இருக்கட்டும். மாடுகளை எக்காரணம் கொண்டும் கட்டுத்தறியில் கட்டிப்போட்டு வராதீர்கள்.

கேள்வி: மகளை வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். புயல் என்றால் ஈரோட்டுக்கே வரச் சொல்லிவிடலாமா?

பதில்: காற்று தொடங்க இரண்டு நாள் இருந்தால், குழந்தைகளோடு தாராளமாக வரட்டும். காற்று வீசத் தொடங்கிய பிறகு பயணமே கூடாது. ஓட்டு வீடோ கூரை வீடோ என்றால் பக்கத்துப் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அப்பகுதியில் கரையைக் கடந்த கஜா, திண்டுக்கல் வரை மரங்களைச் சாய்த்தது. அதனால் வழியும் பத்திரம் என்று எண்ண முடியாது. இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள்: புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும், அந்த இடைவெளியில் யாரும் வெளியே வரக் கூடாது.