ஆவி பறக்கும் கிண்ணத்தைப் படம் எடுப்பது எப்படி? – கேள்வி பதில்

சூப், தேநீர், காபி, சூடான சாக்லேட் எனக் குளிருக்கு இதமானவற்றைப் படம் எடுப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சூப்பிலிருந்து ஆவி நன்றாகவே எழும்புகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் மட்டும் காணோம். ஏன்?

வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது மேலே எழுந்து குளிர்ந்த காற்றில் கலந்ததும் பொடிப்பொடித் துளிகளாக மாறுகிறது. நாம் ஆவி என்று பார்ப்பது அந்தத் துளிகளைத்தான். அவை தங்கள் மேல் விழும் வெளிச்சத்தைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறவிடும். வெளிச்சம் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வந்தால் ஆவி பளிச்சென்று தெரிவதும், கேமராவிலுள்ள ஃபிளாஷைப் போட்டால் மறைந்துபோவதும் இதனால்தான்.

ஜன்னலோ விளக்கோ கிண்ணத்துக்குப் பின்னால், சற்றே ஒரு பக்கமாக இருக்கட்டும். ஆனால் அது படத்துக்குள் வரக் கூடாது. ஆவிக்கு நேர் பின்னால் கறுப்பு அட்டை, கருமையான துணி என்று ஏதாவது இருட்டாக வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஆவி எப்படித் தெரியும்?

அப்புறம் ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். 1/125 முதல் 1/250 நொடிக்குள் வைத்தால் ஆவியின் சுருள்கள் தனித்தனியாகக் கிடைக்கும். 1/30 நொடிக்குப் போனால் எல்லாம் கலைந்து வெறும் மூட்டமாகிவிடும். அறை குளிர்ச்சியாக இருக்க இருக்க ஆவி கூடும். எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், எடுக்கும்போது மூடிவிடுங்கள். லேசான காற்று வந்தாலும் ஆவி கலைந்துவிடும்.

கேள்வி: ஈரப் பஞ்சைச் சூடாக்கிக் கோப்பைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாமே? அது ஏமாற்று இல்லையா?

தண்ணீரில் நனைத்த பஞ்சை மைக்ரோவேவில் சூடாக்கி வைத்தால் சிறிது நேரம் ஆவி வரும். இடுக்கியால் எடுங்கள், கை சுட்டுவிடும். கோப்பையில் இருப்பது உண்மையிலேயே சூடாக இருந்து, ஆவி மட்டும் போதவில்லை என்றால் இதில் தவறில்லை. ஆறிப்போன குழம்புக்குப் பின்னால் வைப்பதை நான் செய்ய மாட்டேன். ஆறியதும் மேலே கொழுப்பு படர்ந்து பளபளப்புப் போய்விடும். ஆவி இருந்தாலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: இதமாகத் தெரியட்டும் என்று எடிட்டிங்கில் ஆரஞ்சு நிறத்தை ஏற்றினேன். கிரீம் மஞ்சளாகிவிட்டது, கோப்பையும் அழுக்காகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். படத்தில் எங்கேயாவது குளிர் தெரிந்தால்தான் சூடு சூடாகத் தெரியும். படம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால் கண் கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிவிடும், அப்புறம் எதுவுமே சூடாகத் தோன்றாது. கோப்பைக்குப் பின்னால் மங்கலான நீலச் சாம்பல் நிறத்தில் மாலை ஜன்னல், கண்ணாடியில் படிந்த ஈரம், ஸ்வெட்டர் கை மூடிய விரல்கள் என்று ஏதாவது ஒன்று போதும். கோப்பையின் நிறத்தை நீங்கள் தொடவே வேண்டாம்.

எடிட் செய்துதான் ஆக வேண்டுமென்றால், வெளிச்சமான பகுதிகளில் கொஞ்சம் மஞ்சளும் நிழல்களில் கொஞ்சம் நீலமும் சேருங்கள். முதலில் கிரீம் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்.

கேள்வி: சீக்கிரம் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்து வீட்டு விளக்கில்தான் எடுக்க முடிகிறது. எல்லாம் மஞ்சளாக வருகிறது.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 2700 முதல் 3000 கெல்வின். பகல் வெளிச்சம் 5500 அளவில் இருக்கும். இரண்டையும் கலக்கும்போதுதான் சிக்கல், ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். ஆகவே இரவில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, அதற்கேற்ப ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பு) வையுங்கள். 3000 கெல்வின் விளக்குக்குக் கேமராவை 3500 அளவில் வைத்தால் லேசான மஞ்சள் மிஞ்சும், அது அழகாகவே இருக்கும். விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைச் சற்றுத் தள்ளிக் கட்டினால் நிழல் மென்மையாகும். துணி விளக்கைத் தொடக் கூடாது.

எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே கோடுகள் விழுகின்றன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50 அல்லது 1/100 நொடியிலும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 நொடியிலும் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. இதெல்லாம் முடியுமா?

தாராளமாக முடியும். மிக அருகில் போகாமல் சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். அகல லென்ஸ் கிண்ணத்தின் முன் விளிம்பை வீங்கவைத்துவிடும். திரையில் உணவைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, ஆவி குழம்பிப்போகும்.

கேள்வி: இறைச்சிக் குழம்பு ருசியாக இருக்கிறது, படத்தில் சேறு மாதிரி இருக்கிறது.

பழுப்பு நிறத்துக்கு நேர் எதிரிலிருந்து வெளிச்சம் அடித்தால் அப்படித்தான் தட்டையாகிவிடும். பின்பக்கத்து வெளிச்சம் குழம்பின் மேல்பரப்பில் பட்டுப் பளபளக்கட்டும், ஒவ்வொரு துண்டின் விளிம்பும் தனியாகத் தெரியும். முன்பக்கம் ரொம்ப இருட்டினால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள். பச்சைத் தழை நாலு, நீலச் சாம்பல் கிண்ணம் ஒன்று. கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கி எடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: சூப்பின் மேல் தூவிய ரொட்டித் துண்டுகள் மூழ்கிவிடுகின்றன.

கிண்ணத்துக்குள் ஒரு சிறிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு சூப்பை ஊற்றுங்கள். துண்டுகள் அதன் மேல் நிற்கும்.

கேள்வி: கேமராவைச் சரிசெய்வதற்குள் காபி நுரை அடங்கிவிடுகிறது. நுரையை எப்படி நிறுத்தி வைப்பது?

நுரையை நிறுத்தப் பார்க்காதீர்கள், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அதே அளவுக் கோப்பையில் ஏதாவது ஊற்றி வைத்து வெளிச்சம், கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். கேமரா ட்ரைபாடில் அசையாமல் இருக்கட்டும். நல்ல காபியைக் கடைசியில் கலந்து, கோப்பையை மாற்றி வைத்ததும் உடனே எடுத்துவிடுங்கள். நுரையின் உயிர் முதல் ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கோப்பையில் அடுக்கு தெரிய வேண்டுமென்றால் நேர் எதிரிலிருந்தும், நுரைக் கோலம் தெரிய வேண்டுமென்றால் மேலிருந்தும் எடுங்கள்.

கேள்வி: பனி கொட்டிக் கிடக்கும் இடத்தில் தேநீர்க் கோப்பையோடு எடுத்தேன். பனி சாம்பலாக வந்தது. வீட்டுக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஈரம்.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +1 முதல் +2 வரை கூட்டுங்கள், பனி வெள்ளையாகிவிடும். ஆவி தெரிய, பனிக்குப் பதிலாகக் கருமையான மரங்கள் பின்னால் வருமாறு நில்லுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

ஈரத்துக்கு வழி சுலபம். வெளியில் இருக்கும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றுப் போகாமல் மூடிவிடுங்கள். உள்ளே வந்தால் ஈரம் பையின் மேல்தான் படியும். கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். படங்களை உடனே பார்க்க ஆசையாக இருந்தால், பைக்குள் வைக்கும் முன்பே மெமரி கார்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.