ரெண்டு மாசம் ஊருக்குப் போறேன், சிங்கப்பூர் சாங்கி பக்கம் மூரிங்ல, அதாவது தண்ணிக்குள்ள மிதவைல கட்டி, போட் நிக்குது, கரைக் கரண்ட் கிடையாது. பேட்டரிக்கு ஒரு சோலார் பேனல் போதுமா?

போதும். ஆனா பேட்டரி சும்மா கெடந்தே இறங்கிடும்னு நீங்க பயப்படுறது தேவையில்லாத பயம். நல்ல லெட் ஆசிட் பேட்டரி மாசத்துக்கு ஒரு 5% இழக்கும், நம்ம சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போகும், 100 ஆம்பியர் அவர் பேட்டரின்னா இழப்பு ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர் கூட வராது, அதுக்கு 5 வாட் பேனலே தாங்கும்.

காலி பண்றது பில்ஜ் பம்ப்தான், போட் அடில சேர்ற தண்ணியை வெளிய தள்ற பம்ப். நீங்க டிசம்பர்ல கிளம்பி பொங்கல் முடிச்சு வர்றீங்கன்னா அது சரியான வடகிழக்குப் பருவமழை நேரம், மழை கொட்டும், பம்ப் ஓடும், அதே சமயம் வெயிலும் இருக்காது. சின்ன பம்பே 3 ஆம்பியர் கிட்ட இழுக்கும், தினம் ஒரு மணி நேரம் ஓடினா 3 ஆம்பியர் அவர். 50 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு சுமார் 10 ஆம்பியர் அவர் தரும், மூட்டமான நாள்ல 2, 3 வந்தாலே பெருசு. அதனால 50 வாட்டுக்குக் கீழ போகாதீங்க. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிடுங்க, பம்புக்கும், பேனல் சார்ஜைக் கட்டுப்படுத்தற கண்ட்ரோலருக்கும் மட்டும் பேட்டரில இருந்து நேரா லைன், ரெண்டுலயும் பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ்.

இங்க பேட்டரி சார்ஜ் இல்லாம சாகறதை விட ஓவர் சார்ஜ்ல சாகறதுதான் எனக்குப் பெரிய கவலை. ஃப்ளோட், அதாவது ஃபுல்லான பேட்டரியை அப்படியே தாங்கி வெக்கற வோல்ட்டேஜ், 13.6 வோல்ட்டுன்னு போட்டிருக்கறது 25 டிகிரிக்கு, பேட்டரி வெக்கற லாக்கர் உள்ள மத்தியானம் 40 கிட்ட வந்துடும், அப்போ 13.3 கிட்ட இறக்கணும், இல்லன்னா ரெண்டு மாசத்துல தண்ணி வத்தி பிளேட் காஞ்சிடும். டெம்பரேச்சர் சென்சார் உள்ள கண்ட்ரோலரா பார்த்து வாங்கி, சென்சாரை பேட்டரி மேலயே ஒட்டுங்க. மூடி தொறக்கற டைப்னா போறதுக்கு முன்னாடி டிஸ்டில்டு வாட்டர் ஊத்திடுங்க. லித்தியம்னா கதை வேற, அதை ஃபுல்லா வெச்சே போட்டுட்டுப் போகக்கூடாது, 50, 60 சதவீதம் நல்லது, பம்புக்கு மட்டும் தனியா ஒரு சின்ன லெட் ஆசிட்டும் பேனலும் வெச்சுடுங்க.

இந்த சைஸுக்கு எம்பிபிடின்னு விலை கூடின கண்ட்ரோலர் எல்லாம் வேண்டாம் லா, அந்தக் காசுக்கு நல்ல டின் பூசின ஒயர் வாங்குங்க, உப்புக் காத்துல வெறும் செம்பு பச்சை பிடிச்சிடும். பேனலைப் படுக்க வெச்சாலே போதும், நமக்கு சூரியன் தலைக்கு மேலதான், மழைல அழுக்கு வழியற அளவுக்கு லேசா சாய்ச்சா சரி. பாய்மரத்துக் குறுக்குக் கட்டை (பூம்) நிழல் விழுதான்னு மட்டும் பாருங்க, ஓரத்துல கொஞ்சம் விழுந்தாலே கரண்ட் பாதிக்கு மேல போயிடும். காக்கா, மைனா எச்சம் வேற. போட்டைப் பார்த்துக்கற பையன்கிட்ட சொல்லி வாரம் ஒரு தடவை துடைச்சு, கண்ட்ரோலர் டிஸ்ப்ளேயை ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க.

பேட்டரி ரொம்பப் பழசா? ஃபுல் சார்ஜ் பண்ணி, எதையும் போடாம ஒரு ராத்திரி விட்டு அளந்து பாருங்க, 12.6 வோல்ட் காட்டலைன்னா மாத்திட்டே கிளம்புங்க, உள்ள செல் செத்துப்போன பேட்டரியை எந்தப் பேனலும் காப்பாத்தாது.