குறுக்குக் கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசியல் தலைவர்கள் சமூக ஊடகங்களில் பேசுவதைத் ‘தனிமொழி’ (ஒருவர் மட்டுமே பேசும் பேச்சு) என்று ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைவர் சொன்னதில் எதை வெட்டுவது, எதைத் தலைப்பாக்குவது என்பதை முன்பு செய்தி ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். இன்று அவர் சொன்னது சொன்னபடியே என் கைப்பேசிக்கு வருகிறது. நானும் பதில் எழுத முடிகிறது. சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, அயல்நாட்டில் சிக்கிக்கொண்டவர்கள் ட்விட்டரில் எழுதிய ஓரிரு வரிகளுக்கே உதவி கிடைத்ததே? இதை மக்களாட்சியின் வளர்ச்சி என்று ஏற்கத் தங்களுக்கு என்ன தயக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுஷ்மா சுவராஜ் பற்றித் தாங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே பேச்சைத் தொடங்கியவர் குடிமகன். அமைச்சர் பதில் சொன்னார். தலைவர்களின் கணக்குகளில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

இடையில் ஆளில்லாமல் மக்களிடம் பேசும் ஆசை கைப்பேசியோடு பிறந்ததன்று. 1933 மார்ச் 12 அன்று, அமெரிக்க வங்கிகள் மூடிக் கிடந்த நேரத்தில், அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை என்பதில் தொடங்கி, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார். வங்கிகள் மீண்டும் திறந்தபோது, பயந்து எடுத்துச் சென்ற பணத்தை மக்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த உரையையும் எந்தச் செய்தி ஆசிரியரும் வெட்டவில்லை. ஆனால் அதே ரூஸ்வெல்ட், ஏறத்தாழ வாரம் இருமுறை செய்தியாளர்களைத் தம் அலுவலகத்துக்கே வரவழைத்து, அவர்களுடைய கேள்விகளுக்கு முகம்கொடுத்தார். இன்றைய தலைவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதே என் குறை.

கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2018 மார்ச் 13 அன்று, வெளியுறவுச் செயலர் டில்லர்சனின் இடத்துக்கு வேறொருவர் வருகிறார் என்பதை அதிபர் டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தார். டில்லர்சனுக்கே காரணம் தெரியாது என்று அறிக்கை விட்ட அத்துறையின் மூத்த அதிகாரி அன்றே வேலையிழந்தார். பதிவு சொன்னபடியே எல்லாருடைய கைக்கும் வந்தது, ‘ஏன்?’ என்று கேட்பதற்குத்தான் அங்கே இடமில்லை.

பதில் எழுத முடிகிறதே என்கிறீர்கள். அண்மையில் ஒரு தலைவரின் நேரலையை முழுவதும் பார்த்தேன். கண்ணால் தொடர முடியாத வேகத்தில் கேள்விகள் மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. அவர் எடுத்துக்கொண்டவை மூன்று, அவற்றில் ஒன்று அவர் அதிகாலையில் எழுவதன் ரகசியம் பற்றியது. செய்தியாளர் கூட்டத்தில் மழுப்பலான பதில் வந்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். நேரலையில் அந்த நாற்காலி கிடையாது. செய்தி ஆசிரியரின் கத்தரிக்கோல் காணாமல் போகவில்லை. அது தலைவரின் ஊடகக் குழுவிடம் இருக்கிறது.

பதில் எழுதும் உரிமையும் உறுதியானதன்று. விமர்சித்தவர்களை டிரம்ப் தம் கணக்கிலிருந்து தடுத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அவர் பதவி இழந்தபின், வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை நீக்கியது. அரசு அலுவலர் ஒருவர் விமர்சகரைத் தம் கணக்கிலிருந்து தடுத்தால், அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அந்த அலுவலருக்கு உண்டா, குறிப்பிட்ட பதிவில் அதைப் பயன்படுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா என்று இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது 2024இல் அதே நீதிமன்றம் வகுத்த அளவுகோல். பிறந்தநாள் வாழ்த்தும் அரசாணையும் ஒரே கணக்கில் வரும்போது, தடுக்கப்பட்டவர் இதை எப்படி நிறுவுவார் என்பது எனக்கு விளங்கவில்லை.

‘தனிமொழி’ என்ற சொல்லை மாற்ற நான் விரும்பவில்லை. சுஷ்மா சுவராஜ் பற்றிய தங்கள் வரியை மட்டும், விதிவிலக்காக, அந்தக் கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.